யார் வரையும் வரைபடம்?

மண் சரிந்த இடத்துக்கு முதலில் மண்வெட்டி போகிறது. சில நாட்கள் கழிந்து படிவம் போகிறது. மண்வெட்டி மனிதனைத் தேடுகிறது. படிவமோ அவனுடைய உடைமையைத் தேடுகிறது. இவ்விரு தேடல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைச் சரிவுகள் நெகிழ்ந்து இறங்கின. அதன் பின்னர் ஒருநாள், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஒரு பாடசாலைக் கட்டிடத்தில், விபரம் பதிவோருக்கு உதவியாக நானும் ஒரு மேசையருகே அமர்ந்திருந்தேன். வெடிப்புக் கண்ட ஒரு லயத்திலிருந்து வந்த நடுவயதுப் பெண்மணி ஒருவர் முன்னே நின்றார். வீடு யாருடையது? தோட்டத்துடையது. காணி? அதுவும் தோட்டத்துடையதே. பதிவு செய்த தொழில் ஏதும் உண்டா? இல்லை. ஆடு மாடு? இருந்த ஒரு பசுவையும் மகளின் படிப்புக்காக விற்றாயிற்று. படிவத்தின் நான்கு கட்டங்களிலும் நான்கு கோடுகள் விழுந்தன. எழுதியவர் கெட்டவரல்லர், இரண்டு இரவுகள் உறங்காமல் ஓடித் திரிந்தவர். அவர் தலை நிமிர்ந்து, "அப்ப உங்களுக்கு நட்டம் ஒன்னும் இல்லதானே, அம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா விடை சொல்லவில்லை. பெருவிரலில் மை பூசிக்கொண்டு நகர்ந்து விட்டார்.

ஒன்றையும் உடைமையாகக் கொள்ளாதவர் ஒன்றையும் இழப்பதில்லையா?

சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் அந்த உத்தியோகத்தரின் வினாவிற் பிழை காண முடியாது. உடைமை இருந்தாலன்றோ நட்டம்? மலையக மக்களுக்கு உடைமை இல்லாமற் போனது இயற்கையின் செயலன்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கான மனிதர்களை இரு அரசுகளுக்கிடையே பங்கு பிரித்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. இத்தனை கைமாற்றங்களிலும் லயத்துக் காம்பரா மட்டும் அதில் வாழ்ந்தவரின் கைக்கு வரவேயில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் பணம் தோட்ட எல்லைக்குள் நுழைவதற்கே தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018 இல்தான். வாக்களிக்கலாம், ஆனால் வாக்களித்த சபையிடம் ஒரு வாய்க்காலைக் கேட்க முடியாது என்ற விந்தை முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஆகவே அந்தப் படிவத்தின் நான்கு கோடுகளும் அன்று மேசையில் விழுந்தவை அல்ல. அவை முன்னரே கீறப்பட்டிருந்தன.

எமது கினிகத்தேனை மழைக்குப் பேர்போன பகுதி. தென்மேற்குப் பருவக்காற்றின் பாரத்தை முதலில் ஏற்கும் சரிவில் இருக்கிறோம். அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுவதுண்டு. 2019 ஜூலை மாத மழையில், அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பிரதான வீதியின் ஓரத்தில், கினிகத்தேனை நகரிலேயே கடைகள் வரிசையாகச் சரிந்து விழுந்தன. அந்நிகழ்ச்சியை நினைவூட்டி, பத்தாந் தர மாணாக்கரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரு பலசரக்குக் கடை விழுந்தால் நட்டம் யாருக்கு?" "முதலாளிக்கு" என்று வகுப்பு ஒரே குரலில் கூறியது. சற்று நேரம் பொறுத்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். சம்பள நாள் வரும்வரை தன் வீட்டுக்கு அரிசியும் கோதுமை மாவும் வருவது கடைக்காரரின் கொப்பிக் கணக்கில்தான்; கொப்பி மண்ணுக்குள் போய்விட்டால் பழைய கடன் தீர்ந்ததாகாது, புதிய கடன் கிடைக்காமற் போகும் என்றாள். இன்னொருவன், தன் தகப்பனார் அக்கடைகளுக்கு மூட்டை சுமப்பவர் என்றான். மற்றொருவன், தன் பாட்டி மிளகு காயவைத்துக் கொடுத்துப் பண்டம் மாற்றுவது அங்கேதான் என்றான். அரை மணி நேரத்தில் கரும்பலகையில் நகரத்துக் கடையொன்றிலிருந்து மலையுச்சி லயம் வரையில் பன்னிரண்டு கோடுகள் ஓடின. பன்னிரண்டில் ஒன்று மட்டுமே அரசாங்கப் படிவத்தில் இடம்பெறக்கூடியது.

பிள்ளைகள் அன்று வரைந்ததற்கு அபிவிருத்தித் துறையினர் பெரிய பெயர் வைத்திருக்கின்றனர். நாம் தொடர்பு வரைபடம் என்று சொல்லலாம். நில அளவையாளன் வரைவது எல்லைகளை. இது வரைவது ஒருவர் வாழ்க்கை மற்றொருவர் வாழ்க்கையில் எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை. பேரிடரின் பின்னர் ஒரு சமுதாயத்தின் பொருளாதாரத்தை நிமிர்த்த வேண்டுமாயின், விழுந்தவற்றின் பட்டியல் போதாது; எது விழுந்ததால் எவையெல்லாம் நின்று போயின என்று அறிய வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் தமிழகக் கரையிலும் எமது கரையிலும் நடந்ததை நினைத்துப் பாருங்கள். படகு கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே படகுகள் வந்து குவிந்தன, சில கரைகளில் முன்னிருந்ததை விடவும் கூடுதலாக. படகில்லாத கூலி மீனவன், தலைச்சுமையாக மீன் விற்ற பெண், உப்பளத்தில் உழைத்தவர் ஆகியோர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள் இழந்தது ஒரு பொருளையன்று, ஓர் உறவை. அதைக் கணக்கிட எந்தப் பட்டியலிலும் கட்டமில்லை.

கரும்பலகை தந்த துணிவில், பாடசாலை ஒழுங்காக நடக்கத் தொடங்கியதும், ஒரே தோட்டத்திலிருந்து வரும் ஒன்பது மாணாக்கரைக் கொண்டு அவர்களுடைய லயத்தை வரையச் செய்தேன். பழுப்புத் தாள்களை ஒட்டி ஒரு பாயளவு விரித்தோம். முதலில் கோவில் வந்தது. பின்னர் பீலி, லயங்கள், கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா, ஓடையைக் கடக்கும் மரப்பாலம். இவை முடிந்ததும் பணம் போகும் வழியைச் சிவப்பாலும், பண்டம் போகும் வழியை நீலத்தாலும், உதவி போகும் வழியைக் கறுப்பாலும் கீறினார்கள். பிள்ளைகள் அறிந்திருந்தவை என்னை வியப்பில் ஆழ்த்தின. எந்த வீட்டுக்குக் கொழும்புக் கடையிலிருந்து மகன் பணம் அனுப்புகிறான், மரண உதவிச் சங்கத்துக்கு யார் பணம் சேர்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்துக்கு யார் யார் போகின்றனர் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

வரைந்து முடித்தபோது எல்லா நிறங்களும் வந்து முடிச்சிட்ட இடம் பிள்ளைக் காம்பராவாக இருந்தது. சுவரில் வெடிப்புக் கண்டதால் அது மூடப்பட்டிருந்தது. அதனால் கைக்குழந்தையுள்ள பதினொரு தாய்மார் மலைக்குப் போக இயலவில்லை. சிலருடைய குழந்தைகளை ஒரு பாட்டி பார்த்துக்கொண்டார். அந்தப் பாட்டிதான் லயத்தின் சீட்டையும் நடத்தி வந்தவர். குழந்தைகளோடு அவர் கட்டுண்டதால் சீட்டுப் பிடிக்க வீடு வீடாகப் போக ஆளில்லை. சீட்டு நின்றதால் அதை நம்பி அடகு மீட்க இருந்த இரண்டு குடும்பங்களின் நகை மூழ்கும் நிலைக்கு வந்தது. மரப்பாலம் போனதால் மரவள்ளியும் வாழைக்குலையும் போஞ்சியும் வீதிக்கு வராமற் கிடந்தன. அத்தோட்டத்தின் பொருளாதாரம் மீள்வதற்கு உடனடியாக வேண்டியிருந்தவை, பாதுகாப்பான ஓர் அறையும் குழந்தை பார்க்க ஓர் ஆளும், ஓடைக்குக் குறுக்கே சில மரங்களும். வந்து சேர்ந்தவை மெத்தைகளும் உலருணவுப் பொதிகளும். அவற்றைக் குறை கூறவில்லை. பசித்தவனுக்கு முதலில் சோறு வேண்டும். ஆனால் நாற்பதாம் நாளும் அதே பொதி வருமாயின், வேலைக்குப் போக வேண்டியவர்களை நாம் கையேந்துவோராகவே வைத்திருக்கிறோம் என்பதை மறுக்கலாகாது.

தோட்டத்துக்கு வரைபடம் புதிதன்று. துரைமாரின் காரியாலயச் சுவர்களில் தொங்கிய படங்களில் ஒவ்வொரு மலைக்கும் எண் இருந்தது, ஏக்கர் இருந்தது, நட்ட ஆண்டு இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் பறித்த கொழுந்தின் நிறை செக்ரோலில் கிலோக் கணக்கில் ஏறியது. இவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைத்த ஓர் உலகம், லயத்தில் இரவு எத்தனை பேர் உறங்கினர் என்பதை அறிந்திருந்ததா? 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கு என்றனர்; பின்னர் நூற்றுக்குள் என்றனர்; இறுதியில் நாற்பதுக்குள் வந்து நின்றது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இருக்கவில்லை. அத்தொகை குறைந்ததில் ஆறுதல் உண்டு. ஆனால் அந்தத் தடுமாற்றம் எதைக் காட்டியது? செக்ரோலில் பெயருள்ளவரைத் தோட்டம் அறியும். ஓய்வு பெற்ற கிழவரையும், விருந்தாக வந்த மருமகளையும், கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனையும் அது அறியாது.

இவ்விடத்தில் வரைபடத்தை நம்புவோர் ஒரு கசப்பான உண்மையையும் விழுங்க வேண்டும். மீரியபெத்தை அபாயமான இடமென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அறிவு இல்லாமல் அம்மக்கள் மாளவில்லை. அறிவு ஓரிடத்திலும் காணி வேறிடத்திலும் இருந்ததால் மாண்டனர். "எழுந்து போ" என்பது எளிது. எங்கே போவது, போனால் பெரட்டுக்கு எப்படி வருவது, பீலி எங்கே, பாடசாலை எங்கே என்ற வினாக்களுக்கு அபாய வரைபடத்தில் விடை கிடையாது. எஞ்சியோர் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கியிருந்த பின்னரே, 2016 அக்டோபரில், மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. மலை எங்கே சரியும் என்பதை விஞ்ஞானி வரையலாம், வரையவும் வேண்டும். மனிதர் எங்கே வாழ முடியும் என்பதை வாழ்பவர்களோடு கூடியன்றி வரைய முடியாது.

இது கனவன்று என்பதற்குக் கேரளம் சான்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தைச் சேர்ந்தோரும் ஊர்த் தொண்டர்களும் புவியியல் அறிஞரின் துணையுடன் நிலம், நீர், மண், பயிர் யாவற்றையும் தாமே நடந்து வரைபடமாக்கினர். கற்றவனும் உழைப்பவனும் ஒரே தாளின்மேல் குனிந்த அந்த முயற்சி, 1996 இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்கு முன்னோடிகளில் ஒன்றாயிற்று. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரையில் உள்ளாட்சிகளின் கைக்குப் போகுமென்று அரசு உறுதி செய்தது. இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராபர்ட் சேம்பர்ஸ் போன்ற அறிஞர்கள், கிராமத்தவர் கோலப்பொடியாலும் விதைகளாலும் தரையில் தம் ஊரை வரையும் முறையை உலகெங்கும் பரப்பினர். நல்ல முறைதான். எனினும் பல இடங்களில் அது, நிதி தருவோர் வந்து படம் பிடித்துப் போகும் ஒரு சடங்காகச் சுருங்கிற்று. வரைபவனிடம் பணமும் அதிகாரமும் வந்து சேராத வரைபடம் வெறும் சித்திரம். கல்யாசேரியின் பின்னால் ஓர் அரசியல் இயக்கம் நின்றது.

ஆனால் அதே கேரளத்தில், 2020 ஆகஸ்ட் 6 ஆம் திகதி இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்திருந்ததால் மறுநாட் காலையிலேதான் செய்தி வெளியுலகை எட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மாண்டவர்களிலும் தோட்டத் தொழிலாளர் இருந்தனர். மக்கள் வரைபடத்துக்குப் பேர்பெற்ற மண்ணிலும், காணி கம்பனியிடம் இருக்கும் இடத்தில் லயம் லயமாகவே கிடந்தது. எல்லை கடந்தாலும் எம் இனத்தவரின் காம்பரா ஒரே அளவாகத்தான் இருக்கிறது.

இனி என் சொந்தத் தவறுக்கு வருகிறேன்.

மாணாக்கர் வரைந்த படத்தை ஒரு ஞாயிறு மாலை பெற்றோர் முன் விரித்தேன். பெருமையாகத்தான் விரித்தேன். அவர்கள் நெடுநேரம் பார்த்தனர். ஒரு மாணவனின் தாயார் என்னருகே வந்து, மெல்லிய குரலில், "சேர், அந்த மரக்கறித் தோட்டத்த அழிச்சிடுங்க. நாளைக்கு யாராச்சும் பாத்தா அதுவும் போயிரும்" என்றார். ஓடையோரத்துத் துண்டு நிலங்களைப் பிள்ளைகள் பச்சை நிறத்தில் அழகாகத் தீட்டியிருந்தனர்; ஒவ்வொன்றிலும் பயிரிடுவோர் பெயர் வேறு. அந்நிலம் எவருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. அது கண்டும் காணாமல் விடப்பட்டிருக்கும் வரைதான் அவர்களுடையது. அதைவிடக் கொடியது இன்னொன்று. ஒரு சிறுமி, தன் வீட்டிலிருந்து நகரத்து நுண்கடன் நிறுவனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு கீறியிருந்தாள். அக்கடனை அவளுடைய தகப்பனார் அன்றைக்குத்தான் அறிந்தார். அந்தத் தாயின் முகத்தை நான் மறக்கப் போவதில்லை.

உண்மையை வெளிக்கொணர்வது எப்போதும் நன்மையே என்று நாம், முற்போக்காளர்கள், நம்பி வந்திருக்கிறோம். ஆள்வோர் மறைப்பதை வெளிக்கொணர்வதில் அது உண்மை. ஆளப்படுவோர் மறைப்பதைப் பொறுத்தும் அவ்வாறேதானா? வலியவனுக்கு மறைவு சூழ்ச்சியாகலாம்; எளியவனுக்குச் சில வேளை அதுவே கூரை. துரையின் வரைபடத்தில் இல்லாதிருந்தமையாலேயே அந்தப் பச்சைத் துண்டுகள் பிழைத்தன. நல்லெண்ணத்தோடு வந்த ஆசிரியன், ஒரு மாலைப் பொழுதில், அவற்றைப் பெயர் விபரத்துடன் தாளில் ஏற்றிவிட்டான். பிள்ளைகளின் பென்சிலைக் கொண்டு வீடுகளின் கதவைத் திறக்க எனக்கு உரிமை தந்தவர் யார்?

தோட்டங்களை அழித்தேன். கடன் கோடுகளையும் அழித்தேன். உடன் ஆசிரியரான நண்பர் ஒருவர், விஞ்ஞானம் கற்பிப்பவர், என்னைக் கடிந்துகொண்டார். பாதியை அழித்த படம் பொய்ப் படம்; கடனைக் காட்டாமல் தொழிலாளியின் பொருளாதாரத்தைக் காட்டுவது இரத்த ஓட்டத்தைக் காட்டாமல் உடம்பைக் காட்டுவது போன்றது என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. சில வாரங்களின் பின்னர் பயிரழிவு விபரம் திரட்ட ஆட்கள் வந்தபோது, ஓடையோரத்துப் பயிர்களைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை, எம் படத்திலும் அவை இல்லை, எதுவும் கிடைக்கவில்லை. அதே தாயார் என்னிடம் வந்து, "அன்னைக்கு அழிச்சது சரிதானா, சேர்?" என்று கேட்டார். காட்டினால் பறிபோகும், மறைத்தால் கிடைக்காது. உரிமையற்ற மனிதனுக்கு உண்மையும் பொய்யும் ஒரே விலையாகிவிடும் நிலை இது. இதற்குப் பரிகாரம் ஆசிரியனின் அழிப்பானில் இல்லை, காணி உறுதியில் இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆயினும் உறுதி வரும்வரை கைகட்டி நிற்கவும் முடியாது.

பேசிப் பேசி அவர்களே ஒரு வழி கண்டனர், நான் கண்டதன்று. அடித்தாளில் பாலம், பீலி, பிள்ளைக் காம்பரா, பாதை, வெடிப்புகள் இருக்கும். அதை எந்தக் காரியாலயத்துக்கும் கொண்டுபோகலாம், எவருக்கும் காட்டலாம். அதன்மேல் போர்த்தும் ஊடுதெரியும் தாளில் தோட்டங்கள், சீட்டு, கடன் இருக்கும். அத்தாள் கோவில் கமிட்டியின் தகரப் பெட்டியை விட்டு வெளியே போகாது. அதில் தம் வீட்டைக் கீறுவதா, வெறுமையாக விடுவதா என்பதை அந்தந்த வீட்டார் தீர்மானிப்பர். எந்தக் கோட்டை எப்போது வெளியே சொல்வது என்பதைக் கூடியிருந்து முடிவு செய்வர். பெட்டிச் சாவி சீட்டு நடத்தும் பாட்டியிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை, நான் கேட்கவுமில்லை.

இந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாள் நிவாரணம் பெற்றுத் தராது. கமிட்டியில் பெண்கள் இருவர் மட்டுமே. கடன் பட்ட பெண்ணின் கோட்டை அவளைக் கேட்காமல் கணவன் கீறச் சொன்னால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டபோது கூட்டத்தில் எவரும் பேசவில்லை. பின்னர் பாட்டி, "கடன் வாங்குனவ கையாலதான் கோடு போடணும்" என்று ஒரு விதி சொன்னார். அது எழுதிக்கொள்ளப்பட்டது.

பாலத்தை அவர்களே கமுக மரங்களால் போட்டுக்கொண்டனர். இப்போது வாழைக்குலை வீதிக்கு வருகிறது. பிள்ளைக் காம்பரா இன்னும் திறக்கப்படவில்லை. அடித்தாளின் பிரதியொன்றுடன் நாலு பேர் இரண்டு தடவை காரியாலயம் போய் வந்துவிட்டனர். மூன்றாவது தடவை இம்மாதம் போகிறார்கள். படத்தில் அந்த இடத்தைச் சுற்றி முன்னரே சிவப்பு வட்டமொன்று இருந்தது. சென்ற வாரம் ஒரு மாணவி அதற்கு வெளியே இன்னொரு வட்டம் போட்டிருக்கிறாள்.